எதிரில்தான் இருக்கிறது பேக்கரி

நீங்கள் ஜன்னல் பக்கமே உட்காருங்கள், எனக்கு இந்த ஓரம் போதும். இங்கிருந்தால்தான் முன்பக்கம் தெரியும். டிரைவருக்குப் பின்னால், பெண்கள் சீட்டில், பச்சைத் துப்பட்டா தெரிகிறதா? மடியில் பையை வைத்துக்கொண்டு? அவள்தான். இல்லை இல்லை, மகள் இல்லை. சொந்தமும் இல்லை. எங்கள் கம்பெனி ஆள், பாண்டிச்செல்வி. நத்தம் பக்கத்திலிருந்து திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்வதும் சரியில்லை. அவள் போகிறாள், நானும் அதே பஸ்ஸில் போகிறேன். அப்படித்தான் பேச்சு.

தப்பாக நினைக்காதீர்கள், அடிக்கடி எழுந்து பார்ப்பேன். திண்டுக்கல் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எழுந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். நாளைக் காலையில் அவள் திருப்பூரில் தன்னுடைய ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்க வேண்டும். இருந்தால் ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் ஆர்டர் வேறு ஏதோ ஒரு நாட்டுக்குப் பறந்துவிடும், அதன் பின்னாலேயே நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பத்தெட்டு வயதில் என்னை யார் எடுப்பார்கள், சொல்லுங்கள்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். குறை கேட்கிற வேலை. கார்டில் நீளமாக, ஆங்கிலத்தில் வேறு மாதிரி போட்டிருக்கும். சாராம்சம் அதுதான். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன குறை என்று கேட்டு, எழுதி, தீர்த்து, தீர்த்ததற்குப் படம் எடுத்து அனுப்புவது. என் பெயர் சிவசைலம். தென்காசிப் பக்கம். மொரிஷியஸில் ரொம்ப வருஷம் கார்மெண்ட்ஸில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். ஆங்கிலம் வரும், சட்டம் படிக்க வரும், அதனால் இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஏன் குறை கேட்க வேண்டும் என்கிறீர்களா? சட்டம் சார். நம் சட்டம் இல்லை, அவர்கள் சட்டம். எங்கள் சரக்கை வாங்குகிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். குழந்தைகள் போடுகிற பைஜாமா. மேலே யானை, ஒட்டகச்சிவிங்கி படம். அந்த நாட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு தாய் கடையில் அந்த ஒட்டகச்சிவிங்கியைக் கையில் எடுக்கிறாள் என்று வையுங்கள். இதைத் தைத்தவளுக்கு ஏதாவது குறை இருந்ததா, இருந்தால் வாய் திறந்து சொல்ல வழி இருந்ததா? இதற்குக் கடைக்காரன் பதில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் மாட்டிக்கொள்வான். நல்ல சட்டம். நான் அதை ஒரு வார்த்தை குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சட்டம் எங்கோ உயரத்தில் உருவாகிறது. இறங்கி வரும்போது கீழே ஒருவன் பாத்திரம் பிடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கம்பெனியில் அந்தப் பாத்திரம், குறையை எழுதிப் போடுகிற ஒரு தகரப் பெட்டி. நீலப் பெயிண்ட், முன்னால் ஒரு வாய், ஒரு பூட்டு. சாவி என்னிடம்.

அதே ஆட்கள்தான் வருஷா வருஷம் பைஜாமா விலையைக் குறைக்கச் சொல்லியும் எழுதுகிறார்கள். அது வேறு டிபார்ட்மெண்ட். விலை கேட்கிறவரும் நலம் கேட்கிறவரும் ஒரே கட்டிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில்லை போலிருக்கிறது. அது நமக்கு எதற்கு.

ஒரு நிமிஷம். ... இருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைக்கிறேன். தூங்கட்டும், நல்லது.

முதல் ஆடிட்டுக்குச் சென்னையிலிருந்து ஜெசிந்தா மேடம் வந்தார். அவர் சோதனைக் கம்பெனி ஆள். அவர் எழுதுவதைத்தான் ஐரோப்பாக்காரர்கள் படிப்பார்கள். அவர் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டினேன். காலி. எனக்கு உள்ளுக்குள் பெருமை.

"ஒரு வருஷமா ஒண்ணுமே வரலையா சார்?"

"ஒண்ணுமே இல்லை மேடம்."

"எங்க வீட்டுல நானும் அவரும் மட்டுந்தான். காலைல காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு கம்ப்ளெய்ண்ட் வந்துடும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எழுதும்போது சிரிக்கவில்லை. 'நம்பும்படியாக இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் முதலாளி நாச்சிமுத்து அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன். தானே மிஷின் மிதித்து மேலே வந்தவர். "ஏனுங்க சைலம் சார், கொறையே இல்லீங்கறது ஒரு கொறைங்களா?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப கொறை வேணுமாக்கும்."

"கொஞ்சம் வேணுங்க."

"எந்த மாதிரிங்க?" என்றார், கல்யாணத்துக்கு ஸ்வீட் ஆர்டர் எடுப்பவர் மாதிரி.

சரியான கேள்வி. இதற்குத்தான் அனுபவம் வேண்டும் என்பது. குறை சின்னதாக இருக்க வேண்டும். தீர்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். முக்கியமாக, படம் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும், சரிசெய்வதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹாஸ்டல் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வெளியூர்ப் பெண்கள் எல்லாரும் கம்பெனி ஹாஸ்டலில்தான், காம்பவுண்டுக்குள்ளேயே. "சாப்பாடு நல்லால்லைன்னு ஒருத்தர் எழுதுங்கம்மா" என்றேன்.

"ஐயையோ, வேணாம் சார். சமைக்கிற அக்கா எங்கூரு. கோவிச்சுக்கும்."

"ஃபேன்?"

"ஃபேன் நல்லாத்தான சார் சுத்துது."

கடைசியில் குழாய் என்று முடிவானது. மாடியில் துணி துவைக்கிற இடத்தில் குழாய் ஒழுகுகிறது. ஆனால் அது ஒழுகவில்லை. பொய் எழுதக் கூடாது என்பது என் கொள்கை சார், அங்கே மொரிஷியஸிலும் அப்படித்தான் இருந்தேன். அதனால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு வாஷரைக் கழற்றச் சொன்னேன். ஒழுக ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் எழுதச் சொன்னேன். எழுதியது உண்மை, சரிசெய்தது உண்மை, படம் இரண்டும் உண்மை. இதில் எங்கே தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

பெட்டி மட்டும் போதாது, ஆட்கள் சார்பாகப் பேச ஒரு பிரதிநிதி வேண்டும், தேர்தல் வைத்து எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தேர்தல் வைத்தேன். பாண்டிச்செல்வி பெயரை நான்தான் சொன்னேன், எல்லாரும் கை தூக்கினார்கள். ஏன் அவள் என்றால், அவள் பேசவே மாட்டாள். கேட்டதற்குப் பதில், அதுவும் பாதி வாயில். வேலையில் சுத்தம், வம்பு தும்பு கிடையாது. ஆடிட்டில் அவளைத்தான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். குழாயைச் சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத் தினமும் பயிற்சி கொடுத்தேன். கேன்டீனில் நான் ஜெசிந்தா மேடமாக உட்காருவேன், அவள் எதிரில். "சொல்லும்மா, என்ன குறை?" தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகுவாள். "சத்தமா. என் கண்ணைப் பாத்து. வார்த்தைக்கு வார்த்தை சார் போடாதே." இப்படி எத்தனை தடவை! ஒரு குறையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான்தான் அவளுக்குப் பிரித்துச் சொன்னேன்: என்ன, எப்போதிலிருந்து, உனக்கு என்ன வேண்டும். மூன்றையும் சொன்னால் எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும். கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது. பிறகு ரொம்ப நன்றாகவே வந்துவிட்டது. ஒருநாள் கேட்டாள்: "சார், கொழாதான் சரியாயிருச்சே. இன்னமும் அதையேவா சொல்றது?"

"அதையேதான்."

"வேற இருந்தா?"

"வேற எதுவா இருந்தாலும் ஆடிட் முடியட்டும், பாத்துக்கலாம்."

அந்த 'வேற' என்ன என்று நான் கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். குழாயை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் இன்னொன்றைக் கேட்டுக் குழப்பச் சொல்கிறீர்களா?

ஆடிட் நாள். மேடமும் அவளும் மட்டும் உள்ளே, மேனேஜ்மெண்ட் ஆள் யாரும் இருக்கக் கூடாது. நான் கதவுக்கு வெளியே தண்ணீர்க் கேன் மாற்றுகிற இடத்தில் நின்றேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான். அவள் குரலா அது? தெளிவாக, நிறுத்தி, நான் சொல்லித் தந்த அதே வரிசையில்: கேட்டுக்கு வெளியே போக முடியாது. வேலைக்கு வந்ததிலிருந்து. எதிரில் இருக்கிற பேக்கரிக்கு நடந்து போய், உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு வர வேண்டும்.

"யாரோடம்மா?" என்று மேடம் கேட்டார்.

"யாரோடயும் இல்ல மேடம். நான் மட்டும்."

டீ சார்! ஹாஸ்டல் என்றால் கேட் பூட்டித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வார்டனோடு வேனில் ஏற்றிக் கடைவீதிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறோம். பெற்றவர்கள் எங்களை நம்பி அனுப்பியிருக்கிறார்கள் இல்லையா? எதிரில்தான் இருக்கிறது பேக்கரி, ரோட்டுக்கு அந்தப்பக்கம். ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போடும்போது நன்றாகத் தெரியும். பப்ஸ் அடுக்கியிருப்பது வரை தெரியும் என்று பெண்கள் சொல்வார்கள். தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், அதற்காகவா?

ரிப்போர்ட் வந்தது. 'நடமாடும் சுதந்திரம் மறுக்கப்படுகிறது.' டீ என்று இவள் சொன்னது மேலே போனதும் சுதந்திரம் ஆகிவிட்டது. நாச்சிமுத்து அண்ணன் ஆடிப்போய்விட்டார். "டீக்குங்களா? கேன்டீன்ல ரெண்டு வேளையும் டீ ஊத்தறமேங்க! வேணுங்கற அளவு குடிக்கச் சொல்லுங்க, யாரு வேண்டான்னது?"

நான் உடனே நடவடிக்கை எடுத்தேன். அன்றைக்கே பேக்கரியிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி உள்ளே அனுப்ப ஏற்பாடு. அவளுக்கு மட்டும், சாயந்திரம் சாயந்திரம், அதே பேக்கரி டீ, அதே சூடு. கூட ஒரு பப்ஸும். படம் எடுத்து 'குறை தீர்க்கப்பட்டது' என்று அனுப்பினேன். ஜெசிந்தா மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். சரி, மேடத்தை விடுங்கள், அவர் வேலை அது. இவள் அந்த டீயைக் குடிக்கவே இல்லை சார். பக்கத்து மிஷின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சத்தியமாகச் சொல்வேன். மிஷினிலிருந்து எடுத்துச் செக்கிங் டேபிளில் போட்டார்கள், அது லேசான வேலை. ஹாஸ்டலில் வார்டன் ரூமுக்குப் பக்கத்து ரூமுக்கு மாற்றினார்கள், அது காற்றோட்டமான ரூம். மற்றப் பெண்கள் அவளோடு பேசுவதை அவர்களே குறைத்துக்கொண்டார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் செய்தது ஒன்றே ஒன்று. அவள் வீட்டுக்குப் போன் போட்டேன். பெண்பிள்ளை விஷயம், பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா? போனை அவள் அண்ணன் வெள்ளைச்சாமி எடுத்தான். "உங்க தங்கச்சி வெளிய போகணும்னு கேக்குது. தனியாப் போகணுமாம். எதுக்கும் ஒரு வார்த்தை பாத்துக்கங்க." இதற்கு மேல் ஓர் எழுத்துப் பேசவில்லை.

மறுநாளே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். கேட்டில் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை, பையை வாங்கிக்கொண்டான், முன்னால் நடந்தான்.

நாச்சிமுத்து அண்ணன் 'சனியன் விட்டது' என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களுக்கு என்ன தெரியும்? ஐரோப்பாக்காரர்கள் எழுதிவிட்டார்கள்: குறை சொன்னவருக்கு அதனால் எந்தத் தீங்கும் வரவில்லை என்பதை நாங்கள் நேரில் பார்க்க வேண்டும். அவரே மிஷினில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கள் சட்டப்படி உங்களிடம் வாங்க முடியாது. நாளைக்கு வருகிறார்கள். ஐந்து லைன் மிஷின் ஓடுகிறது சார் அந்த ஒட்டகச்சிவிங்கியை நம்பி. எல்லாம் சேர்ந்து இப்போது இந்தப் பஸ்ஸில், அதோ அந்தப் பச்சைத் துப்பட்டாவில் வந்து நிற்கிறது.

இருங்கள், முதலாளி போன். ... சொல்லுங்கண்ணா. ... ஏறியாச்சுங்க. ... இல்லீங்க, பக்கத்துல இல்லை, முன்னால உக்காந்திருக்கு. ... பத்திரமாத்தானுங்க. ... பேக்கரியில சொல்லியாச்சுங்களா? டேபிள் தொடச்சு விரிப்பு போடறாங்களா, சரிங்க. ... அண்ணா, ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் கேட் தொறக்கறோம். நாளான்னைக்கு என்னங்க பண்ணறது? ... சரிங்க. ... சரிங்க, மொதல்ல நாளைக்குப் பாக்கலாங்க.

கேட்டீர்களா? இதைத்தான் அவளும் கேட்டாள். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் போன் போட்டேன். அதிர்ஷ்டம், அவளே எடுத்தாள். வாம்மா, பழைய மிஷின், பழைய ரூம் என்று சொன்னேன். "வர்றேன் சார். ஆனா நீங்க எங்க வீட்டுக்கு வரணும். நான் என்ன கேட்டேன்னு எங்கம்மாகிட்டயும் அண்ணன்கிட்டயும் உங்க வாயால சொல்லணும்."

"நீயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க போன்ல சொன்னதத்தான் நம்புறாங்க."

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் சார். அவசர அவசரமாக, இந்த மாதமே முடித்துவிடுவது என்று. முதல் பெண்டாட்டி தவறிப்போன ஆள், வயது கொஞ்சம் கூடுதல்தான். லாரி வைத்திருக்கிறானாம், மோசமில்லை. பெண் எவனோடோ ஓடப்போகிறாள், கம்பெனிக்காரனே கூப்பிட்டு எச்சரித்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. நான் ஓடப்போகிறாள் என்றா சொன்னேன்? மனுஷர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் பாருங்கள். எனக்கு அந்தக் கல்யாணத்தில் ஆட்சேபணையே இல்லை. ஆடிட் முடிந்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

இன்று காலையில் போய் இறங்கினேன். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அம்மாக்காரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச்சாமி கை கட்டிக்கொண்டு நின்றான், வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. இவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நான் நாற்காலியை இரண்டு தடவை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். எத்தனை வெளிநாட்டுக்காரன் முன்னால் பேசியிருக்கிறேன்! "உங்க பொண்ணு வெளிய போகணும்னு கேட்டது வாஸ்தவந்தான்" என்று ஆரம்பித்தேன். "எதுக்குன்னா, எதிர்ல ஒரு பேக்கரி இருக்கு. அங்க போயி டீ குடிக்கறதுக்கு."

"யார் கூட?" என்றான் அண்ணன்.

"தனியா."

"தனியான்னா?"

"தனியான்னா தனியாத்தாங்க."

அவன் என்னையே பார்த்தான். "அன்னைக்குப் போன்ல டீன்னு சொல்லலையே சார்."

"சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

ஒரு மேனேஜர் வேலை மெனக்கெட்டுப் போன் போட்டு, உங்க தங்கச்சி டீ குடிக்க ஆசைப்படுது என்று சொன்னால் கம்பெனியைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நான் அதைச் சொல்வதற்குள் அம்மாக்காரி எழுந்துவிட்டாள். அழுகிறாளா கோபமா தெரியவில்லை. "இதுக்கா? இந்தத் தண்ணிக்கா என் பிள்ளைய இந்தப் பாடு படுத்துனோம்? அன்னைக்கே இத ஒரு சொல்லு சொன்னா ஒங்க வாயி தேஞ்சா போகும்?" பிறகு வாசலைப் பார்த்தாள். எதிர் வீட்டில் இரண்டு பெண்கள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். "சார், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. அந்த வீட்டுக்கும் கேக்கட்டும்."

நின்றேன் சார். சொன்னேன் சார். தெருவுக்கே கேட்கிற மாதிரி, 'பாண்டிச்செல்வி டீ குடிக்கத்தான் போகணும்னு கேட்டுச்சு, யாரோடயும் இல்லை, தனியாத்தான்' என்று. வெங்காயக்காரிகள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதில் ஒருத்தி, "டீ குடிக்க எதுக்கும்மா தனியாப் போவணும்?" என்று இன்னொருத்தியிடம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. ஆனால் அம்மாக்காரிக்கு அது போதும். கம்பெனியிலிருந்து ஆளே வந்து சொல்லிவிட்டாரே! வெள்ளைச்சாமி கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டு, "தை வரைக்கும் வேலைக்குப் போகட்டும். அந்த லாரிக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றான். எனக்கு அது போதும்.

அவள்? பை தயாராக இருந்தது, எடுத்துக்கொண்டாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில்தான் பேசினாள். எனக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் சீட் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றாள். "வழில நான் எங்கயாச்சும் எறங்குனா நீங்க பின்னாலயே வரக் கூடாது சார். வந்தீங்கன்னா அங்கனயே நின்னுக்குவேன்." சரி என்றேன். வேறு என்ன சொல்ல? பிறகு கேட்டாள்: "நாளைக்குக் கேட்டு தொறந்திருக்கும், சரி. நாளான்னைக்கு?"

ம் என்றேன்.

'ம்' என்றால் ஆமாம் என்று அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். பொய் சொல்வதில்லை என்றேனே. ஆனால் அவள் அந்த 'ம்'மை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், என் முகத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி.

ஒன்று கேட்கிறேன். எவனாவது இருந்திருப்பான் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இருந்திருந்தால் புரிந்துகொள்ளலாம், சுலபம். பேக்கரியில் போய் விசாரித்துப் பார்த்தேன், யாரும் இல்லை. அப்புறம் எதற்கு? நீங்கள் போகும் வழியில் டீ குடிக்கிறீர்கள், நான் குடிக்கிறேன், அதையெல்லாம் யாராவது குறை என்று எழுதுவார்களா? அது சும்மா ஒரு டீ. மொரிஷியஸில் எங்கள் கம்பெனிப் பெண்கள் வெளியே போவார்களா என்றா கேட்கிறீர்கள்? தெரியவில்லையே. நான் ஸ்டாஃப், எனக்குத் தனிக் குவார்ட்டர்ஸ். கடற்கரை பக்கத்திலேயே. தினமும் நடப்பேன்.

தாராபுரம் வந்துவிட்டதா? பத்து நிமிஷம் நிற்குமா? யாரைக் கேட்டு நிறுத்துகிறான் இவன்!

இறங்குகிறாள். பார்த்தீர்களா, இறங்குகிறாள். பையை எதற்கு எடுத்துக்கொண்டு இறங்குகிறாள்? நீங்கள் ஜன்னல் பக்கம், கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போகிறாள்? ஊருக்குத் திரும்பிப் போகிற மதுரை பஸ் ஏதாவது நிற்கிறதா அங்கே? ... இல்லையா. ... கடைக்கா? எந்தக் கடை?

ஆமாம், தெரிகிறது. தெரிகிறது, கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள். பெஞ்சில் அத்தனை ஆம்பிளைகள் நடுவில் போய் உட்காருகிறாள் பாருங்கள். பையைப் பக்கத்தில் வைத்துவிட்டாள். எல்லாரும் பார்க்கிறார்கள். பார்க்கத்தானே செய்வார்கள். அவள் பார்க்கவில்லை. கிளாஸை வாங்கிவிட்டாள். சூடு போலிருக்கிறது, துப்பட்டாவால் பிடித்திருக்கிறாள். ஊதுகிறாள்.

சீக்கிரம் குடித்துவிட்டு வந்து ஏறம்மா.

இதென்ன, கண்டக்டர் விசில் அடிக்கிறான்? பத்து நிமிஷம் அதற்குள் ஆகிவிட்டதா? கண்டக்டர்! ஒரு ஆள் வரணும்! ... ஆமாங்க, அதுதான், பச்சைத் துப்பட்டா. ... எங்க ஆளுதாங்க. ... நான் போய்க் கூட்டிட்டு வர முடியாதுங்க, அதெல்லாம் சொன்னாப் புரியாது. ... இது எங்க வீட்டு வண்டி இல்லைன்னு எனக்கும் தெரியுங்க!

சார், விசில் கேட்டிருக்கும் அவளுக்கு. பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள், நானும் பார்த்தேன். மறுபடி கிளாஸைப் பார்க்கிறாள். அவசரமே இல்லை. இப்படிக் குடித்தால் எப்போது முடியும்? நான் இறங்கினால் போச்சு, அங்கேயே நின்றுகொள்வாள், சொன்னதைச் செய்கிறவள். இறங்காவிட்டால் பஸ் போய்விடும்.

உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஒன்று செய்யுங்கள். எழுந்து போய் டிரைவரிடம் சொல்லுங்கள். என் பக்கத்து சீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை, இறங்கிப் போயிருக்கிறார், வந்ததும் எடுக்கலாம் என்று சொல்லுங்கள். ஆமாம், நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? சீட்டுக்குக் கீழே குனிந்துகொள்கிறேன். போங்கள் சார், அவன் கியர் போடுகிறான்.

... நின்றுவிட்டதா? நன்றி சார். திட்டினானா? திட்டட்டும்.

எனக்கு இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். கிளாஸில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?